கெட்டி முதலி – தனிமனிதரா, பட்டமா? மதுரை நாயக்கர் ஆட்சியில் சேலம், நாமக்கல் சமவெளியின் எல்லைத் தலைவர்கள்

ஆய்வுச் சுருக்கம்

மதுரை நாயக்கர் ஆட்சிக்காலத்தில் (1529–1736) சேலம், நாமக்கல் சமவெளியில் அதிகாரம் செலுத்திய தலைவர்களுள் தாரமங்கலம் கெட்டி முதலிகள் முதன்மையானவர்கள். வட்டார வரலாற்று நூல்கள் பலவும் ‘கெட்டி முதலி’ என்பதை ஒரே மனிதரின் பெயராகக் கொண்டு, கோயில் கட்டியதையும் கோட்டை எழுப்பியதையும் மைசூரிடம் தோற்றதையும் ஒருவர் வாழ்க்கைக்குள் அடக்கிக் கூறுகின்றன. அப்பெயர் பல தலைமுறையினர் ஏற்ற பட்டம் என்பதையும், அவ்வாறு கொள்ளும்போது கோயிலின் காலக்கணிப்பும் மைசூர்ப் போர்கள் பற்றிய செய்திகளும் எவ்வாறு வேறு பொருள் பெறுகின்றன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தலைநகரில் பணியாற்றிய தளவாய் அரியநாத முதலியார், சேலத்து நாயக்கர், சேந்தமங்கலம் இராமச்சந்திர நாயக்கர் ஆகியோரின் வரலாறும், டியூடர் மரபினர் ஆண்ட இங்கிலாந்தின் அரசவை வரலாறும் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

குறிச்சொற்கள்: கெட்டி முதலி, தாரமங்கலம், பாளையக்காரர், மதுரை நாயக்கர், அரியநாத முதலியார், சேந்தமங்கலம், மைசூர் உடையார்.

முன்னுரை

அரசரை அண்டிப் பணிபுரிந்த ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுத வேண்டுமாயின் அவர் யார், எப்போது பதவிக்கு வந்தார், எந்த அரசர்க்குப் பணிபுரிந்தார், எவ்வாறு நீங்கினார் என்னும் நான்கு வினாக்களுக்கேனும் விடை வேண்டும். ஐரோப்பிய வரலாற்றில் இவ்வகை வரலாறுகள் பெருகியமைக்குக் காரணம் ஆவணங்கள் எஞ்சியமையே. எட்டாம் ஹென்றியின் முதன்மை அமைச்சராக விளங்கிய தாமஸ் குரோம்வெல் 1540இல் கைதாகிக் கொலைத் தண்டனைக்கு உள்ளானபோது அவருடைய தாள்களை அரசு கைப்பற்றியது. அவருக்கு வந்த மடல்கள் அரசு ஆவணங்களாக எஞ்சின. அவரது வீழ்ச்சியே அவரது வரலாற்றுக்குச் சான்றுகளைக் காத்துக் கொடுத்தது.

அதே நூற்றாண்டில் தமிழகத்தில் உருவான நாயக்க அரசின் பணியாளர்கள், படைத்தலைவர்கள், பாளையக்காரர்கள் ஆகியோர் பற்றிய சான்றுகள் வேறு வகையின. கோயிற் கல்வெட்டு, திருப்பணி, கோட்டை, வாய்மொழி மரபு, பிற்காலத்தில் தொகுக்கப்பட்ட சுவடிகள், கிறித்தவ மறைப்பணியாளரின் மடல்கள் என அவை சிதறிக் கிடக்கின்றன. இவற்றைக் கொண்டு எழுதும்போது பெயர் எது, பட்டம் எது எனப் பிரித்தறிவது முதற்பணியாகும். கெட்டி முதலிகள் வரலாற்றில் இப்பணி முழுமையாக நிகழவில்லை. இதனை நிறைவுசெய்ய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக்களம்

சேர்வராயன் மலைக்குத் தெற்கே விரிந்து, மேற்கே காவிரியையும் கிழக்கே கல்வராயன், பச்சைமலைத் தொடர்களையும் தென்கிழக்கே கொல்லிமலையையும் எல்லைகளாகக் கொண்ட நிலப்பரப்பே சேலம், நாமக்கல் சமவெளி. திருமணிமுத்தாறும் சரபங்கா ஆறும் இதன் ஊடே பாய்ந்து காவிரியில் கலக்கின்றன. வசிட்ட நதி ஆத்தூர் வழியாகக் கிழக்கு நோக்கி ஓடுகிறது. மைசூர் மேட்டுநிலத்திலிருந்து பார்ப்போருக்கு இது மலையடிவாரத் தாழ்நிலம். பிற்காலத்தில் ஆங்கிலேய வருவாய் ஆவணங்கள் இதனைத் தாலகாட் என்று குறித்தமை இப்பார்வையின் தொடர்ச்சியே.

இச்சமவெளியின் அரசியல் முதன்மைக்குக் காரணம் இதன் வழிகளே. வடக்கே தொப்பூர்க் கணவாய் தருமபுரிப் பகுதியை இணைக்கிறது. வடமேற்கே காவிரிபுரம் வழி, மலைகளினூடே கொள்ளேகாலம் நோக்கி ஏறுகிறது. கிழக்கே ஆத்தூர்க் கணவாய் கடற்கரைச் சமவெளிக்குத் திறக்கிறது. தெற்கே நாமக்கல் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கும் கரூருக்கும் செல்லலாம். மைசூரிலிருந்து காவிரிச் சமவெளிக்கு இறங்கும் படை இவ்வழிகளுள் ஒன்றைப் பயன்படுத்தியாக வேண்டும். எனவே மதுரைக்கோ திருச்சிராப்பள்ளிக்கோ தலைநகராக இருந்த அரசுக்கு இச்சமவெளி வடமேற்கு வாயிலாக அமைந்தது.

கெட்டி முதலிகளோடு மரபாகத் தொடர்புபடுத்தப்படும் கோட்டைகளை நிலப்படத்தில் வைத்துப் பார்த்தால் இவ்வுண்மை தெளிவாகும். காவிரிபுரம் மேற்கு வழியையும், ஓமலூர் தொப்பூர் வழியையும், ஆத்தூர் கிழக்கு வழியையும், சங்ககிரி காவிரிக் கரையோர வழியையும் நோக்கி நிற்கின்றன. தாரமங்கலமும் அதனை அடுத்த அமரகுந்தியும் இவற்றின் நடுப்பகுதியில் அமைந்துள்ளன. அமரகுந்தியே இவர்களது தொடக்க இருப்பிடம் என்பது மரபுச் செய்தி. கோட்டைகளின் இவ்வமைவு ஓர் எல்லைக்காவல் தலைவரின் பொறுப்பைக் காட்டுகிறது.

தலைநகரில் ஒரு பணியாளர்: அரியநாதர்

கெட்டி முதலிகளின் நிலையை விளங்கிக்கொள்ள, அதே அரசின் மையத்தில் பணியாற்றிய ஒருவரோடு அவர்களை ஒப்பிடுதல் வேண்டும். தொண்டை மண்டலத்து மெய்ப்பேடு என்னும் ஊரிலிருந்து விசயநகரம் சென்று, பின் விசுவநாத நாயக்கருடன் மதுரைக்கு வந்து, தளவாயாகவும் பிரதானியாகவும் விளங்கியவர் அரியநாத முதலியார். விசுவநாதர், குமார கிருட்டிணப்பர், வீரப்பர் என அடுத்தடுத்த நாயக்க மன்னர்களுக்கு அவர் பணியாற்றினார். மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபம் 1569இல் அவரால் எழுப்பப்பட்டது என்பர். மண்டப வாயிலில் உள்ள குதிரைவீரர் சிலை அவருடையது என்பது மரபு. நாட்டை 72 பாளையங்களாகப் பகுத்த ஏற்பாட்டோடும் அவர் பெயரே இணைத்துப் பேசப்படுகிறது.

அவருடைய பணிக்காலம் முழுவதும் டியூடர் மரபின் ஆட்சிக்காலத்திற்குள் (1485–1603) அடங்குவது ஓர் ஒப்பீட்டிற்கு இடம் தருகிறது. அரசர் மாறியும் பதவி மாறாமல் நீடித்த அரியநாதருக்கு நிகராக, 1550 முதல் 1572இல் இறக்கும்வரை இங்கிலாந்தின் கருவூலத் தலைவராக இருந்த வில்லியம் பாலட்டைக் குறிப்பிடலாம். ஆறாம் எட்வர்ட், மேரி, எலிசபெத் எனச் சமயக் கொள்கையில் தம்முள் முரண்பட்ட மூன்று அரசர்களின் கீழும் அவர் அப்பதவியில் இருந்தார். அரசரின் நம்பிக்கையே இருவருக்கும் அடிப்படை.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. தளவாய் என்னும் பதவி அரியநாதருக்குப் பின்னும் தொடர்ந்தது. திருமலை நாயக்கர் காலத்தில் (1623–1659) சேதுபதியோடு போரிட்ட தளவாய் இராமப்பையன், அம்மானைப் பாடலின் தலைவராகும் அளவுக்குப் புகழ்பெற்றார். அவர் அரியநாதரின் மரபினர் அல்லர். மதுரையில் பதவி நிலைத்தது. அதனை ஏற்றவரின் பெயர் மாறியது. ஆகவே அங்குப் பணிபுரிந்தோர் தனித்தனி மனிதர்களாக வரலாற்றில் பதிந்தனர். எல்லைப்புறத்தில் இதற்கு நேர்மாறான நிலையைக் காண்கிறோம். ஆட்சி தந்தை, மகன், உடன்பிறந்தார் எனக் குடும்பத்திற்குள்ளேயே சென்றது. பெயரும் அவ்வாறே கைமாறியது.

பாளையக்காரரின் கடமையும் உரிமையும்

பாளைய முறையில் பாளையக்காரர் தம் பகுதியின் வருவாயில் ஒரு பங்கை அரசுக்குச் செலுத்தி, ஒரு பங்கில் படை பேணி, எஞ்சியதைத் தமக்கு வைத்துக்கொண்டார் என்று பொதுவாகக் கூறப்படும். காவல், வழக்குத் தீர்ப்பு, நீர்நிலை பேணல், கோயிற்கொடை ஆகியன அவர் பொறுப்பில் இருந்தன. அரசர் அழைக்கும்போது படையுடன் செல்வது அவர் கடமை. ஆயினும் ஒரு நாள் ஓலை எழுதி நீக்கிவிடக்கூடிய அலுவலர் அல்லர் அவர். நிலமும் உறவும் கோயிலும் கோட்டையும் அவரிடமே இருந்தன.

எல்லைப்புறப் பாளையக்காரரிடம் இத்தன்மை மேலும் வலுப்பெற்றது. அரசுக்கு அவர் இன்றியமையாதவர். அதனாலேயே ஐயத்திற்கும் உரியவர். டியூடர் இங்கிலாந்திலும் இத்தகையோர் இருந்தனர். இசுகாட்லாந்து எல்லையை ஒட்டிப் பெருநிலம் கொண்டிருந்த பெர்சி குடும்பத்தார் நார்தம்பர்லாந்துக் கோமகன் என்னும் பட்டத்தைத் தலைமுறைதோறும் ஏற்றனர். அவர்களுள் ஒருவரான தாமஸ் பெர்சி 1569இல் அரசிக்கு எதிராக எழுந்த வடபுலக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி, 1572இல் கொலைத் தண்டனை பெற்றார். ஆங்கில வரலாற்றாசிரியர் எவரும் ‘நார்தம்பர்லாந்துக் கோமகன்’ என்று பொதுவாக எழுதி விடுவதில்லை. ஐந்தாமவர், ஆறாமவர், ஏழாமவர் என எண்ணிட்டே வேறுபடுத்துகின்றனர். தமிழக வரலாற்றிலும் இராமநாதபுரத்து ஆட்சியாளரைப் பற்றி எழுதுவோர் சடைக்கன் சேதுபதி, இரகுநாத சேதுபதி, கிழவன் சேதுபதி எனப் பிரித்தே எழுதுகின்றனர். கெட்டி முதலிகளுக்கு மட்டும் இந்நெறி தளர்ந்துவிட்டது.

பெயரும் பட்டமும்

மரபுச் செய்திகளிலும் சான்றுகளிலும் வழங்கும் பெயர்களாவன: மும்முடிக் கெட்டி முதலி, இம்முடிக் கெட்டி முதலி, சீயாலக் கெட்டி முதலி, வணங்காமுடிக் கெட்டி முதலி. இப்பெயர்கள் அனைத்திலும் பின்னிற்கும் ‘கெட்டி முதலி’ பொதுவானது. முன்னிற்கும் சொல்லே வேறுபடுத்துவது. பிற்கால ஆவணங்களிலும் ஆங்கில நூல்களிலும் முன்னொட்டு விடுபட்டுப் பொதுப்பெயர் மட்டும் எஞ்சியமையே குழப்பத்திற்குக் காரணமாயிற்று.

‘முதலி’ என்பது முதன்மையானவர், தலைவர் என்னும் பொருளில் இடைக்காலத்திலிருந்தே படைத்தலைவர்க்கும் ஊர்ப்பெருமக்களுக்கும் வழங்கிய மதிப்புச்சொல். ‘கெட்டி’ என்பதனைச் சிலர் சங்க இலக்கியம் குறிக்கும் கட்டி என்னும் குறுநிலத் தலைவனோடு இணைப்பர். குறுந்தொகையும் அகநானூறும் அத்தலைவனைக் குறிக்கின்றன என்பது உண்மையே. ஆயினும் இரு காலத்திற்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உள்ளது. ஒலியொப்புமை ஒன்றனைக் கொண்டு மரபுத் தொடர்ச்சி கூறுதல் ஏற்புடையதன்று. உறுதி, வன்மை எனப் பொருள்படும் இச்சொல் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் வழங்குவதாலும், மும்மொழியும் கலந்த எல்லைப்புறம் இது ஆதலாலும், படைத்தலைவருக்குரிய சிறப்புச்சொல்லாக அது தோன்றியிருத்தல் இயல்பே.

இம்முடி, மும்முடி என்னும் முன்னொட்டுகள் தனியே ஆராயத்தக்கவை. தமிழ் வழக்கில் முடி என்பது மணிமுடி. முதலாம் இராசராசனின் ‘மும்முடிச் சோழன்’ என்னும் பட்டத்தை அறிந்த வாசகர் மூன்று முடிகளுக்கு உரியவர் என்றே பொருள் கொள்வர். கன்னடத்தில் ‘இம்மடி’, ‘மும்மடி’ என்பன இருமடங்கு, மும்மடங்கு எனப் பொருள்பட்டு, அரசர் பெயர்முன் இரண்டாமவர், மூன்றாமவர் என்பதைக் குறிக்கும். விசயநகரத்துச் சாளுவ மரபின் இம்மடி நரசிம்மர், மைசூரின் மும்மடி கிருட்டிணராச உடையார் ஆகிய பெயர்கள் இவ்வழக்கிற்குச் சான்று. மைசூரை ஒட்டிய எல்லையில், விசயநகர மரபில் வந்த அரசின்கீழ் வாழ்ந்த தலைவர்கள் கன்னட வழக்கை ஏற்று, அது தமிழ் வாயில் ‘முடி’ எனத் திரிந்திருக்கும் வாய்ப்பைப் புறந்தள்ள இயலாது.

இவ்விரண்டாம் பொருள் ஏற்கப்படுமாயின் அதன் விளைவு பெரிது. மரபுச் செய்தி மும்முடிக் கெட்டி முதலியைத் திருப்பணியின் தொடக்கத்தில் வைக்கிறது. அவர் ‘மூன்றாமவர்’ எனின் அவருக்கு முன் இருவர் அதே பட்டத்துடன் இருந்திருத்தல் வேண்டும். அப்போது மரபின் தொடக்கம் திருப்பணிக்கு இரு தலைமுறையேனும் முற்பட்டதாகும். ‘மூன்று முடி’ என்னும் பொருளே சரியெனின், அது தன்னுரிமை கோரும் விருதுப்பெயராகும். எவ்வாறாயினும் அது ஒருவரின் இயற்பெயர் அன்று என்பது தெளிவு. இவ்விரு பொருளுள் ஒன்றைத் தெரிவதற்கு, இம்முடி, மும்முடி ஆகியோர் பெயர் வரும் கல்வெட்டுகளைக் கால வரிசையில் நிறுத்திப் பார்ப்பதே வழி. இம்முடி முன்னும் மும்முடி பின்னும் வரின் எண்ணுப்பொருள் வலுப்பெறும். வரிசை மாறின் விருதுப்பொருள் வலுப்பெறும்.

‘வணங்காமுடி’ என்பதும் விருதுப்பெயரே. கூத்து மரபு வேரூன்றிய இவ்வட்டாரத்தில் அச்சொல்லைக் கேட்டதும் துரியோதனன் நினைவுக்கு வருவான். பிறர்க்குத் தலைவணங்காதவர் என்னும் பெயரைத் தாங்கிய ஒருவர், நாயக்க மன்னருக்குத் திறை செலுத்தும் பாளையக்காரராகவும் இருந்தார் என்பது முரணாகத் தோன்றலாம். உண்மையில் அது எல்லைத் தலைவரின் இரட்டை நிலையைக் காட்டுவது. மேலே இருந்த அரசருக்கு அவர் பணியாளர். தம் நாட்டு மக்களுக்கு அவரே அரசர். விருதுப்பெயர் இரண்டாம் கூட்டத்தாரை நோக்கிச் சொல்லப்பட்டது.

தாரமங்கலம் கோயில் தரும் சான்று

தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் மேற்கு நோக்கிய சிவாலயம். இங்கு 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டுகள் உள்ளமையால் கெட்டி முதலிகளுக்கு முன்னரே இக்கோயில் வழிபாட்டில் இருந்தது என்பது பெறப்படும். இன்று காண்போரைக் கவரும் கோபுரம், தூண்கள், சிற்பங்கள் ஆகியன நாயக்கர் காலப் பாணியில் அமைந்தவை. கோபுரத்தின் அடித்தளம், யானைகளும் குதிரைகளும் இழுத்துச் செல்லும் தேர்போல வடிக்கப்பட்டுள்ளது. கல்லாலான தொங்கு சங்கிலி, வாய்க்குள் உருளும் கல்லுருண்டை கொண்ட யாளி, இரதி–மன்மதன், வாலி–சுக்கிரீவன் போர் ஆகிய சிற்பங்கள் புகழ்பெற்றவை. வாலி வதைச் சிற்பத்தில் மறைந்து நிற்கும் இராமனின் தூணிலிருந்து வாலியைக் காணலாம். வாலியின் தூணிலிருந்து இராமனைக் காண இயலாது.

மும்முடியார் தொடங்கி, சீயாலர் தொடர்ந்து, வணங்காமுடியார் நிறைவுசெய்தனர் என்பது திருப்பணி பற்றிய மரபு. 1883இல் வெளிவந்த லெ பானுவின் சேலம் மாவட்டக் கையேடும் 1918இல் வெளிவந்த ரிச்சர்ட்சின் மாவட்ட விவரச்சுவடியும் இவ்வட்டார மரபுகளைத் திரட்டித் தந்தன. பின்வந்த நூல்கள் அவற்றிலிருந்து எடுத்தாளும்போது மூவரையும் சுருக்கி ‘கெட்டி முதலி கட்டிய கோயில்’ என்றன. மூவர் பணி ஒருவர் பணியாயிற்று.

இச்சுருக்கம் கலை வரலாற்றையும் பாதிக்கிறது. ஒருவர் பணி எனின் கோயிலின் நாயக்கர் காலப் பகுதிகள் அனைத்தும் இருபது முப்பது ஆண்டுக்குள் எழுந்தவையாகக் கருதப்படும். சிற்பங்களில் காணும் பாணி வேறுபாடுகள் சிற்பியரின் தனித்திறனாக விளக்கப்படும். மூவர் பணி எனின் அவ்வேறுபாடுகள் தலைமுறை வேறுபாடுகளாகும். ஒவ்வொரு மண்டபத்தையும் தனித்தனியே காலக்கணிப்புச் செய்யும் தேவை எழும். மேலும், மூன்று தலைமுறை ஒரே திருப்பணியைத் தொடர்ந்தது என்பதே ஓர் அரசியற் செய்தி. மதுரையில் அரசர் மாறினாலும் தாரமங்கலத்தில் பொருளும் ஆளும் திரட்டும் வலிமை குன்றவில்லை என்பதை அது உணர்த்துகிறது. அரியநாதர் தம் மண்டபத்தை அரசரின் தலைநகரில், அரசரின் தெய்வத்திற்கு எழுப்பினார். கெட்டி முதலிகளோ தம் ஊரில், தம் மக்கள் வழிபடும் இறைவனுக்கு எழுப்பினர். திருச்செங்கோடு, பவானி ஆகிய தலங்களிலும் இவர்களது திருப்பணி பேசப்படுகிறது. பணிவு காட்ட வேண்டிய இடமும் புகழ் நாட்ட வேண்டிய இடமும் இருவருக்கும் வேறு வேறாக இருந்தன.

சேலமும் சேந்தமங்கலமும்: மடல்கள் தரும் சான்று

இதே சமவெளியில் தனிமனிதர் ஒருவரின் உயர்வு தாழ்வு பதிவாகியுள்ளது. அப்பதிவு அயல்நாட்டவரின் மடல்வழிக் கிடைப்பது. தத்துவ போதகர் எனப்பட்ட இத்தாலிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி (1577–1656) 1623இல் மதுரையிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டார். சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர் அவரை மதிப்புடன் ஏற்றார். அடுத்து அவர் சேலம் சென்றார். அங்கு ஆட்சியிலிருந்தவரின் தமையனாரான திருமங்கல நாயக்கர் தம் உரிமையை இழந்து வாழ்ந்து வந்தார். அவர் நொபிலியின் போதனையைக் கேட்டு 1625இல் திருமுழுக்குப் பெற்றார்.

சமய வரலாற்றில் இந்நிகழ்வு பலமுறை பேசப்பட்டுள்ளது. அரசியல் வரலாற்றில் இது தரும் செய்தி வேறு. மூத்தவர் இருக்க இளையவர் ஆண்டமையால், சேலம் பாளையத்தில் ஆட்சியுரிமை பிறப்பு வரிசையால் மட்டும் முடிவாகவில்லை என்பது விளங்கும். குடும்பத்திற்குள் போட்டி இருந்தது. தோற்றவர் உயிரோடும் ஓரளவு மதிப்போடும் அதே வட்டாரத்தில் வாழ முடிந்தது. குரோம்வெல்லுக்கு நேர்ந்தது போன்ற முடிவு இங்கு விதியன்று. கெட்டி முதலிகள் குடும்பத்திலும் இத்தகைய போட்டி நிகழ்ந்திருத்தல் கூடும். எனவே மும்முடி, சீயால, வணங்காமுடி என்னும் மூவரையும் தந்தை, மகன், பேரன் என நேர்கோட்டில் நிறுத்துவதற்கு முன் உடன்பிறந்தார் முறையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சேந்தமங்கலத் தலைவர் வரலாறு மற்றொரு படிப்பினையைத் தருகிறது. நாமக்கல் குன்றின்மேல் உள்ள கோட்டை இராமச்சந்திர நாயக்கரால் கட்டப்பட்டது என்பது ஒரு மரபு. மைசூர் அரசின் அலுவலர் ஒருவரால் கட்டப்பட்டது என்பது மற்றொன்று. குன்றின் சரிவில் உள்ள நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகளோ அதியர் மரபினர் பணி. ஒரே குன்றில் வெவ்வேறு காலப் பணிகள் உள்ளமையால், புகழ்பெற்ற ஒருவர் பெயரோடு அனைத்தையும் இணைத்துவிடும் போக்கு எளிதில் தோன்றுகிறது. கெட்டி முதலி என்னும் பெயருக்கும் சமவெளி எங்கும் இதுவே நேர்ந்தது.

மைசூரின் எழுச்சியும் எல்லையின் வீழ்ச்சியும்

17ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் மைசூர் உடையார் வலிமை பெற்றனர். கண்டீரவ நரசராசர் (1638–1659) காலத்தில் தொடங்கிய தெற்கு நோக்கிய படையெடுப்பு தொட்ட தேவராசர் (1659–1673) காலத்தில் தொடர்ந்து, சிக்க தேவராசர் (1673–1704) காலத்தில் முற்றுப்பெற்றது. திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில் மைசூர்ப் படை மதுரையை நெருங்கியதும், சேதுபதியின் உதவியால் அது திருப்பப்பட்டதும் ‘மூக்கறுப்புப் போர்’ என்னும் பெயரால் அறியப்படுகின்றன. இப்போரில் நாயக்க அரசுக்குத் துணைநின்றது தென்கோடி மறவர் நாடு. எல்லைச் சமவெளி அதற்குள் வலுவிழந்திருந்தது.

மைசூர் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்சு (முதல் தொகுதி 1810) அரசர்கள் வென்ற ஊர்களைத் தோற்றவர் பெயருடன் வரிசைப்படுத்துகிறார். கண்டீரவர் காலத்து வெற்றிகளிலும் தொட்ட தேவராசர் காலத்து வெற்றிகளிலும் கெட்டி முதலியின் பெயர் இடம்பெறுகிறது. முன்னவை 1641ஐ ஒட்டியும் பின்னவை 1667ஐ ஒட்டியும் நிகழ்ந்தவை. ஒரே பெயர் இருமுறை வருவதால் ஒருவரே கால் நூற்றாண்டுக்கு மேல் தொடர்ந்து தோற்றார் என்னும் எண்ணம் பரவிற்று. வென்றவர் தரப்புப் பட்டியல் தோற்றவரின் பட்டத்தை மட்டுமே குறித்தது. அவருடைய முன்னொட்டுப் பெயரில் அதற்கு அக்கறை இல்லை. ஆகவே இரு நிகழ்வுகளையும் இரு வேறு தலைவரோடு பொருத்திப் பார்க்க இடமுண்டு.

அவ்வாறு பொருத்தும்போது வரலாற்றின் பொருளே மாறுகிறது. ஒருவர் தோல்வி எனின் அது திறமையின்மை. இரு தலைமுறை எதிர்ப்பு எனின் அது நீண்ட எல்லைப்போர். முதல் இழப்புக்குப் பின்னும் பாளையம் எஞ்சி நின்று, மீண்டும் படை திரட்டியது என்பது அதன் உட்பொருள். மதுரையில் 1659க்குப் பின் சொக்கநாத நாயக்கர் (ஆட்சி 1659–1682) தஞ்சை, மைசூர், பீசப்பூர், மராட்டியர் எனப் பல முனைகளில் போராடிக்கொண்டிருந்த காலத்தில், எல்லைத் தலைவருக்கு உதவி அனுப்பும் நிலை அவ்வரசுக்கு இல்லை. 1690 அளவில் சிக்க தேவராசர் சேலம் பகுதியைத் தம் ஆட்சிக்குள் கொணர்ந்தபோது கெட்டி முதலிகளின் அதிகாரம் முடிவுற்றது. நாயக்க அரசு அதன்பின்னும் 1736 வரை நீடித்தது. காவல் நின்றவர் மறைந்த பின்னரும் காக்கப்பட்ட அரசு அரை நூற்றாண்டுக்கு அண்மையாக வாழ்ந்தது.

சேலம் பகுதி ஒரு நூற்றாண்டுக்காலம் மைசூரின் கையில் இருந்து, 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலேயர்க்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலவருவாய்க் கணக்கெடுக்கத் தொடங்கியபோது, கெட்டி முதலிகள் மறைந்து நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. 19ஆம் நூற்றாண்டில் கையேடு எழுதியோர் மக்களிடம் கேட்டது பல தலைமுறைகளைக் கடந்துவந்த நினைவை. அந்நினைவில் பட்டம் எஞ்சியது. பட்டம் ஏற்றவர்கள் ஒருவராய் இணைந்துவிட்டனர்.

முடிவுரை

‘கெட்டி முதலி’ என்பது தனிமனிதர் பெயரன்று. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 17ஆம் நூற்றாண்டின் இறுதிவரை சேலம் சமவெளியில் எல்லைக்காவல் பொறுப்பேற்ற ஒரு குடும்பத்தாரின் பட்டம். இம்முடி, மும்முடி, வணங்காமுடி ஆகிய முன்னொட்டுகளும் விருதாகவோ எண்ணாகவோ அமைந்தவை. இம்முடி, மும்முடி என்பவற்றிற்குக் கன்னட வழக்கை ஒட்டிய எண்ணுப்பொருள் கொள்ளவும் இடமுண்டு. கல்வெட்டுகளின் கால வரிசையைக் கொண்டு அதனைச் சோதிக்க இயலும்.

மதுரை நாயக்க அரசில் இருவகைப் பணிவாழ்வு நிலவியது. அரியநாதர் போன்றோர் அரசரின் நம்பிக்கையால் உயர்ந்து, தம் பெயரால் அறியப்பட்டனர். அவர்களது பதவி வேறொருவர்க்குச் சென்றது. கெட்டி முதலிகள் போன்றோர் நிலத்தால் உயர்ந்து, குடும்பப் பட்டத்தால் அறியப்பட்டனர். பாளையம் வீழ்ந்தபோது பட்டமும் உடன் மறைந்தது. முன்னவர்க்கு எழுதும் வாழ்க்கை வரலாற்று முறையைப் பின்னவர்க்கு அப்படியே பொருத்துவதாலேயே பிழைகள் நேர்கின்றன.

எனவே இனி எழுதப்படும் வட்டார வரலாறுகள் கல்வெட்டில் வரும் முன்னொட்டுப் பெயரை விடாது குறித்தல், தாரமங்கலம் கோயிலின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே காலக்கணிப்புச் செய்தல், மைசூர்த் தரப்புப் பட்டியல்களில் வரும் பொதுப்பெயரைத் தனிமனிதராகக் கொள்ளாதிருத்தல் ஆகிய மூன்றையும் கடைப்பிடித்தல் வேண்டும். இவற்றைச் செய்யின், இன்று ஒரே பெயருக்குள் மறைந்து கிடக்கும் பல தலைமுறைத் தலைவர்கள் தத்தம் காலத்தில், தத்தம் பணியோடு அறியப்படுவர்.